கையெழுத்தான உடன்படிக்கை ஏன் கரை சேரவில்லை? வில்சனும் அமெரிக்க செனட்டும், 1919–1920

போட்டித் தேர்வுக்குப் படிக்கிற எல்லோருக்கும் தெரிந்த வரி இது: முதல் உலகப் போருக்குப் பின் நாடுகள் சேர்ந்து அமைத்த பன்னாட்டுச் சங்கம் (League of Nations) உருவாக முக்கியக் காரணமாக இருந்தவர் அமெரிக்க அதிபர் உட்ரோ வில்சன், ஆனால் அமெரிக்கா அதில் உறுப்பினராகவில்லை. வரி சரிதான். ஏன் சேரவில்லை என்று கேட்டால் வருகிற பதில்களில்தான் குழப்பம். ‘போருக்குப் பிறகு அமெரிக்க மக்களுக்கு வெளிநாட்டு விவகாரமே வேண்டாம் என்றாகிவிட்டது’ என்பார்கள். ‘செனட்டர் லாட்ஜுக்கு வில்சனைப் பிடிக்காது, கவிழ்த்துவிட்டார்’ என்பார்கள். இரண்டிலும் கொஞ்சம் உண்மை உண்டு.

ஆனால் இந்த இரண்டை மட்டும் வைத்துக்கொண்டு 1920 மார்ச்சில் செனட்டில் நடந்த கடைசி வாக்கெடுப்பைப் புரிந்துகொள்ள முடியாது. வாக்கெடுப்புக்கு வந்தது ஜெர்மனியோடு செய்த வெர்செய்ல்ஸ் சமாதான உடன்படிக்கை; சங்கத்தின் சாசனம் அதற்குள்ளேயே இருந்தது. அன்றைக்கு உடன்படிக்கைக்கு ஆதரவாக 49 பேர், எதிராக 35 பேர். ஆதரித்தவர்கள்தான் அதிகம். எதிர்த்த 35 பேரில் 23 பேர் வில்சனின் சொந்தக் கட்சிக்காரர்கள். வில்சனின் விருப்பம் அதுதான் என்று தெரிந்தே எதிர்த்தார்கள். ஆதரவு அதிகமாக இருந்தும் ஓர் உடன்படிக்கை எப்படித் தோற்கும்? அதைக் கொண்டுவந்தவரே அதை ஏன் தோற்கடிக்கச் சொல்வார்? இந்த இரண்டு கேள்விக்கும் விடை தெரிந்தால் மற்றதெல்லாம் தானாக விளங்கிவிடும்.

கையெழுத்து ஒன்று, ஏற்புறுதி இன்னொன்று

கூட்டுப் பட்டாவில் இருக்கும் நிலத்தை விற்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். மூத்தவர் போய் விலை பேசி, முன்பணம் வாங்கி, ஒப்பந்தத்தில் கையெழுத்தும் போட்டுவிட்டு வந்துவிடலாம். ஆனால் சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் பங்காளிகள் எல்லோரும் வந்தால்தான் கிரயம் முடியும். விலை பேசப் போனபோது தம்பிகளில் ஒருவரையும் கூட்டிக்கொண்டு போகவில்லை என்றால், பதிவு நாளில் என்ன நடக்கும் என்று நமக்குத் தெரியும். ‘விலையெல்லாம் சரி அண்ணே, கிணற்றுக்குப் போகிற பாதை எங்களுக்கு வேணும், அதையும் எழுதினால்தான் கையெழுத்து’ என்பார் ஒருவர்.

நாடுகளுக்கு இடையிலான உடன்படிக்கையிலும் இப்படி இரண்டு கட்டங்கள் உண்டு. பேச்சுவார்த்தைக்குப் போனவர் முதலில் கையெழுத்திடுவார். பிறகு அந்த நாட்டின் சட்டப்படி அதிகாரம் உள்ளவர்கள் ‘இது எங்களைக் கட்டுப்படுத்தும்’ என்று ஏற்க வேண்டும். இந்த இரண்டாவது கட்டத்துக்குத்தான் ஏற்புறுதி என்று பெயர். அது நடக்காத வரை கையெழுத்து அந்த நாட்டைக் கட்டுப்படுத்தாது.

இந்தியாவில் வெளிநாட்டு உடன்படிக்கைகளை அரசே செய்துகொள்கிறது. ஒவ்வொன்றுக்கும் நாடாளுமன்றத்தில் வாக்கெடுப்பு கட்டாயமில்லை. அதனாலேயே நமக்கு அமெரிக்க முறை விசித்திரமாகத் தெரியும். அங்கே அரசியலமைப்பின்படி, உடன்படிக்கை செல்லுபடியாக வேண்டுமானால் வாக்கெடுப்பில் கலந்துகொள்ளும் செனட்டர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் ஆதரிக்க வேண்டும். செனட் என்பது அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸின் மேலவை, மாநிலத்துக்கு இருவர். 1919இல் 48 மாநிலங்கள், ஆகவே 96 செனட்டர்கள். எல்லோரும் வந்தால் 64 பேர் வேண்டும். மறுபக்கமாகச் சொன்னால் 33 பேர் சேர்ந்தால் எந்த உடன்படிக்கையையும் நிறுத்திவிடலாம்.

ஆக, ஓர் அதிபருக்குத் தன் கட்சியின் ஆதரவு மட்டும் போதாது. எதிர்க்கட்சியில் கணிசமான பேரை வென்றே ஆக வேண்டும்.

பாரிஸுக்குக் கிளம்பும் முன்பே

1918 ஜனவரி 8 அன்று வில்சன் தனது 14 அம்சங்களை காங்கிரஸில் அறிவித்தார். கடைசி அம்சம், பெரிய நாடு சிறிய நாடு என்ற வேறுபாடில்லாமல் எல்லோருடைய சுதந்திரத்துக்கும் எல்லைக்கும் உறுதி தருகிற ஒரு நாடுகள் கூட்டமைப்பு. பன்னாட்டுச் சங்கத்தின் விதை அது. கோடிக்கணக்கான பேரைப் பலிகொண்டும் முடமாக்கியும் வந்த ஒரு போருக்கு நடுவில், இனி இப்படி நடக்கக்கூடாது என்று ஒரு பெரிய நாட்டின் தலைவர் சொன்னது உலகம் முழுக்க மனிதர்களை உலுக்கியது. அந்த நோக்கத்தின் மேன்மையில் எனக்குச் சந்தேகமே இல்லை. கதையின் வருத்தமும் அதில்தான் இருக்கிறது.

அதே ஆண்டு அக்டோபர் 25 அன்று, காங்கிரஸ் தேர்தலுக்குச் சில நாள் முன்பு, தன்னுடைய ஜனநாயகக் கட்சியையே வெற்றிபெறச் செய்யுங்கள் என்று வில்சன் வாக்காளர்களுக்கு வேண்டுகோள் விடுத்தார். போர்க்காலத்தில் தோள்கொடுத்த குடியரசுக் கட்சியினருக்கு இது முகத்தில் அறைந்ததுபோல் இருந்தது. நவம்பர் 5 தேர்தலில் இரு அவைகளும் குடியரசுக் கட்சிக்குப் போயின. செனட்டில் 49க்கு 47. வித்தியாசம் இரண்டே இடம். ஆனால் பெரும்பான்மைக் கட்சிக்குத்தான் குழுத் தலைமை. ஆகவே உடன்படிக்கைகளை முதலில் பரிசீலிக்கிற வெளியுறவுக் குழுவின் தலைவராக ஹென்றி கேபட் லாட்ஜ் வந்தார்.

நவம்பரில் போர் ஓய்ந்தது. டிசம்பரில் வில்சன் தானே கப்பலேறிப் பாரிஸ் சமாதான மாநாட்டுக்குப் போனார். பதவியில் இருக்கும்போது ஐரோப்பாவுக்குப் போன முதல் அமெரிக்க அதிபர் அவர். அமெரிக்கப் பிரதிநிதிகள் ஐந்து பேரில் ஒரு செனட்டர்கூட இல்லை. குடியரசுக் கட்சிக்காரர் ஒருவரே ஒருவர், ஹென்றி ஒயிட். ஓய்வுபெற்ற தூதர், கட்சிக்குள் செல்வாக்கு இல்லாதவர். முன்னாள் அதிபர் டாஃப்ட் குடியரசுக் கட்சியைச் சேர்ந்தவர்தான். சங்க யோசனைக்கு நாடெங்கும் ஆதரவு திரட்டிக்கொண்டிருந்தவர். அவரை அழைத்துப் போயிருக்கலாம். போகவில்லை. என் பார்வையில் வில்சன் செய்த தவறுகளில் இதுவே பெரியது; பின்னால் வந்த சிக்கல்கள் பலவற்றுக்கு வேர் இங்கேதான் இருக்கிறது.

1919 பிப்ரவரியில் சங்கத்தின் சாசன வரைவு தயாரானது. வில்சன் சில நாட்களுக்கு ஊர் திரும்பியிருந்தபோது, மார்ச் தொடக்கத்தில், லாட்ஜ் செனட்டில் ஓர் அறிக்கையைப் படித்தார்: இப்போதிருக்கும் வடிவத்தில் இந்தச் சாசனத்தை ஏற்க முடியாது. கீழே 37 பெயர்கள். தடுக்கப் போதுமான 33ஐ இது தாண்டிவிட்டது. அதே மார்ச் 4 இரவில் நியூயார்க் மேடையில் வில்சன் பதில் சொன்னார். சமாதான உடன்படிக்கையோடு சங்கச் சாசனத்தைப் பல இழைகளால் பின்னிவிடுவேன், ஒன்றைப் பிரித்தெடுத்தால் மொத்தமும் குலைந்துவிடும் என்றார்.

பாரிஸுக்குத் திரும்பியபின் சில மாற்றங்களைக் கேட்டு வாங்கவும் செய்தார். இரண்டாண்டு முன்னறிவிப்போடு சங்கத்திலிருந்து விலகலாம், உள்நாட்டு விவகாரத்தில் சங்கம் தலையிடாது போன்றவை. ஆனால் அவற்றை லாட்ஜோடு கலந்து பேசிச் செய்யவில்லை. ஜூன் 28 அன்று வெர்செய்ல்ஸ் அரண்மனையில் உடன்படிக்கை கையெழுத்தானது. ஜூலை 10 அன்று செனட்டில் வைத்தார்.

இதுவரை நடந்ததைச் சேர்த்துப் பாருங்கள். வேண்டியது 64; கையில் இருந்தது 47, அதிலும் சிலர் நழுவக்கூடியவர்கள். மிச்சம் வர வேண்டிய பக்கத்திலிருந்து 37 பேர் எழுத்தில் எதிர்ப்புத் தெரிவித்தாயிற்று.

பத்தாவது பிரிவு: சண்டையின் நடுப்புள்ளி

சீனாவின் ஷான்டோங்கில் ஜெர்மனிக்கு இருந்த உரிமைகளை ஜப்பானுக்குக் கொடுத்தது தவறு என்றார்கள் எதிர்ப்பாளர்கள். அயர்லாந்து விடுதலைக்கு ஒன்றுமில்லையே என்று ஐரிஷ் வம்சாவளியினர் கொதித்தார்கள். பிரிட்டிஷ் பேரரசுக்குச் சங்கத்தின் பேரவையில் ஆறு வாக்கு, அமெரிக்காவுக்கு ஒன்றா என்று கேட்டார்கள். அந்த ஆறில் ஒன்று இந்தியாவின் பெயரில் இருந்தது. நாம் அப்போது அடிமை நாடு. ஆனாலும் உடன்படிக்கையில் கையெழுத்திட்டு, சங்கத்தின் தொடக்க உறுப்பினராகவும் இருந்தோம். வலங்கைமானில் பிறந்த சீனிவாச சாஸ்திரியார் 1921இல் இந்தியாவின் சார்பில் சங்கப் பேரவைக்குப் போனதும் இந்த வழியாகத்தான்.

இவையெல்லாம் சத்தமான புகார்கள். ஆனால் நடுப்புள்ளி சாசனத்தின் பத்தாவது பிரிவு. அது சொல்வது இவ்வளவுதான்: உறுப்பு நாடுகள் ஒன்றின் எல்லையையும் அரசியல் சுதந்திரத்தையும் மற்றவை மதிக்கும், வெளியிலிருந்து ஆக்கிரமிப்பு வந்தால் காக்கும், எப்படிக் காப்பது என்று சங்கத்தின் நிர்வாக அவை ஆலோசனை சொல்லும்.

இதன் பின்னால் இருக்கிற கருத்துக்குக் கூட்டுப் பாதுகாப்பு என்று பெயர். ஒரு நாட்டைத் தாக்குகிறவன் எல்லா நாடுகளையும் எதிர்கொள்ள நேரிடும் என்று முன்கூட்டியே தெரிந்தால், தாக்கவே மாட்டான் என்பது அதன் தர்க்கம். அச்சுறுத்தல் நம்பும்படி இருந்தால்தான் வேலை செய்யும். ‘வருவோம்’ என்பதற்கும் ‘அப்போது யோசித்துச் சொல்கிறோம்’ என்பதற்கும் இடையில் மொத்தத் திட்டமும் நிற்கிறது.

லாட்ஜ் தரப்பின் கேள்வி இது: அமெரிக்க அரசியலமைப்பின்படி போர் அறிவிக்கிற அதிகாரம் காங்கிரஸுக்கு மட்டுமே. எங்கோ ஓர் எல்லையில் சண்டை வந்தால், சங்கத்தின் தலைமையகமான ஜெனீவாவில் எடுத்த முடிவுக்காக அமெரிக்கப் படை போக வேண்டுமா? அந்த முடிவை எடுப்பது யார்?

வில்சனின் பதில் இரண்டு பகுதி கொண்டது. நிர்வாக அவை ஒருமனதாகத்தான் முடிவெடுக்கும். அமெரிக்கா அதில் நிரந்தர இடம் வகிக்கும். ஆகவே நம் சம்மதமில்லாமல் ஒன்றும் நடக்காது. அடுத்து, பத்தாவது பிரிவு தருவது சட்டக் கடமை அல்ல, அறக் கடமை. ஆகஸ்ட் 19 அன்று வெள்ளை மாளிகையில் வெளியுறவுக் குழுவினரை நேரில் சந்தித்தபோதும் இதையே சொன்னார். சட்டக் கடமையைவிட அறக் கடமை உயர்ந்தது என்றும் சொன்னார். அங்கேதான் குழு பிடித்துக்கொண்டது. கட்டுப்படுத்தாது என்றால் எதற்கு இந்தப் பிரிவு? கட்டுப்படுத்தும் என்றால் காங்கிரஸின் அதிகாரம் என்ன ஆகிறது?

லாட்ஜின் உள்நோக்கத்தை எவ்வளவு சந்தேகித்தாலும், இந்தக் கேள்வி நேர்மையான கேள்வி என்றே நினைக்கிறேன். ஒரு மக்களாட்சியில் பிள்ளைகளைப் போருக்கு அனுப்புவதை யார் முடிவு செய்வது என்பதைவிடப் பெரிய கேள்வி என்ன இருக்கிறது? வில்சனின் பயமும் அதே அளவு நேர்மையானது. ஒவ்வொரு நாடும் இப்படி விதிவிலக்கு எழுதிக்கொண்டால் கூட்டுப் பாதுகாப்பில் மிஞ்சுவது பெயர் மட்டும்தான்.

நான்கு கூட்டம், ஒரு கணக்கு

செனட் இரண்டாகப் பிரிந்திருந்தது என்று நினைப்பதுதான் பொதுவான தவறு. உண்மையில் நான்கு கூட்டம் இருந்தது.

சங்கமே வேண்டாம் என்றவர்கள் ஏறக்குறைய 15 பேர். வில்லியம் போரா, ஹைரம் ஜான்சன் போன்றவர்கள். எந்தத் திருத்தம் செய்தாலும் இவர்கள் ஏற்க மாட்டார்கள். அடுத்தது லாட்ஜின் கூட்டம்: கடுமையான நிபந்தனைகளோடு சேரலாம் என்றவர்கள். மூன்றாவது, குடியரசுக் கட்சியிலேயே மென்மையான நிபந்தனைகள் போதும் என்ற ஒரு டஜன் பேர் அளவிலான குழு. நான்காவது, கில்பர்ட் ஹிட்ச்காக் வழிநடத்திய ஜனநாயகக் கட்சியினரில் பெரும்பாலானோர். வில்சன் சொல்வதே இவர்களுக்கு வழி.

இங்கே நிபந்தனை என்ற சொல்லைக் கவனமாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். திருத்தம் என்றால் உடன்படிக்கையின் வாசகத்தையே மாற்றுவது. மற்ற நாடுகளோடு மறுபடி உட்கார்ந்து பேச வேண்டிவரும். நிபந்தனை என்றால் வாசகத்தைத் தொடாமல், ‘எங்களைப் பொறுத்தவரை இதை இப்படித்தான் ஏற்கிறோம்’ என்று ஏற்புறுதித் தீர்மானத்தில் எழுதிச் சேர்ப்பது. லாட்ஜ் முன்வைத்தவை 14 நிபந்தனைகள். அவற்றில் முக்கியமானது பத்தாவது பிரிவைப் பற்றியது: காங்கிரஸ் தனியாகத் தீர்மானம் போட்டாலொழிய, வேறு நாட்டின் எல்லையைக் காக்கும் கடமை எதையும் அமெரிக்கா ஏற்கவில்லை.

இப்போது கூட்டிப் பாருங்கள். ஜனநாயகக் கட்சியினரில் சுமார் 43 பேர், மென்மையானவர்கள் ஒரு டஜன். மொத்தம் 55 அளவில். 64 இன்னும் தூரத்தில்தான். லாட்ஜ் கூட்டத்திலிருந்து ஒரு பகுதி வராமல் உடன்படிக்கை நிறைவேற வழியே கிடையாது. அதுபோலவே ஜனநாயகக் கட்சியினர் பாதிப் பேராவது வராமல் லாட்ஜின் வடிவமும் நிறைவேறாது. ஏதோ ஒரு வகை நிபந்தனையோடுதான் இது முடிய முடியும் என்று கணக்கே சொல்லிவிட்டது.

லாட்ஜ் அவசரப்படவில்லை. மிக நீளமான அந்த உடன்படிக்கையை வெளியுறவுக் குழுவில் முழுக்க வாசித்தார். அதற்கே இரண்டு வாரம் போயிற்று. பிறகு குறையுள்ளவர்களை எல்லாம் அழைத்து வாரக்கணக்கில் விசாரணை நடத்தினார். நாள் தள்ளத் தள்ள எதிர்ப்பு கூடும் என்பது அவர் கணிப்பு. சரியான கணிப்பு.

ரயிலேறிய அதிபர்

வில்சன் மக்களிடம் நேரே போக முடிவு செய்தார். வானொலி இன்னும் வீடுகளுக்கு வராத காலம். செப்டம்பர் 3 அன்று தலைநகரிலிருந்து சிறப்பு ரயிலில் கிளம்பி மேற்குக் கரைவரை போனார். ஏறக்குறைய மூன்று வாரத்தில் சுமார் 8,000 மைல், ஏறக்குறைய 40 உரைகள். மருத்துவர் வேண்டாமென்றும் போனார். போருக்குத் தானே அனுப்பிய இளைஞர்களுக்குத் தான் கடன்பட்டிருப்பதாக அவர் உண்மையாகவே நம்பினார். அந்த உரைகளைப் படித்தால் அது தெரியும்.

மேற்கே போகப் போகக் கூட்டம் பெரிதாகியது. ஆனால் செனட்டில் கணக்கு நகரவில்லை. ஏனென்றால் செனட்டர்களுக்குப் பதவிக்காலம் ஆறு ஆண்டு. இரண்டாண்டுக்கு ஒருமுறை மூன்றில் ஒரு பங்கினர்தான் தேர்தலைச் சந்திப்பார்கள். ஒரு மைதானத்தில் எழுகிற கைதட்டல், அடுத்த தேர்தலுக்கு ஐந்தாண்டு இருக்கிற செனட்டரை எப்படி அசைக்கும்? போராவும் ஜான்சனும் எதிர்ப்பிரசாரம் வேறு செய்துகொண்டிருந்தார்கள்.

செப்டம்பர் 25 அன்று கொலராடோ மாநிலத்தின் புவெப்லோவில் பேசினார். அன்றிரவே உடல் கைவிட்டது. மீதிப் பயணம் ரத்தானது. அக்டோபர் 2 அன்று வெள்ளை மாளிகையில் பக்கவாதம் தாக்கி இடப்பக்கம் செயலிழந்தது. நோயின் தீவிரத்தை அவருடைய மனைவி ஈடித்தும் மருத்துவரும் மறைத்தார்கள். எந்தக் காகிதம் அவரிடம் போகலாம், யார் பார்க்கலாம் என்பதை ஈடித் முடிவு செய்தார். பேசி முடிக்க வேண்டிய நேரத்தில் பேசக்கூடிய ஆள் அறைக்குள் அடைபட்டுவிட்டார்.

மூன்று வாக்கெடுப்பு

ரயில் பயணம் கிளம்பும் முன் வில்சன் ஹிட்ச்காக்கிடம் ரகசியமாக ஒரு குறிப்புக் கொடுத்திருந்தார். விளக்கம் என்ற அளவில் நான்கு குறிப்புகளைத் தன்னால் ஏற்க முடியும் என்று அதில் இருந்தது. ஆக அவர் முழுக்க இறுகிப்போனவர் அல்லர். நோய்க்குப் பிறகுதான் அந்த இறுக்கம் முழுமையானது. நவம்பர் 18 அன்று தன் கட்சியினருக்கு எழுதிய கடிதத்தில், லாட்ஜின் தீர்மானம் உடன்படிக்கையை ஏற்கவில்லை, செல்லாததாக்குகிறது என்றார். எதிர்த்து வாக்களிப்பார்கள் என நம்புவதாகவும் எழுதினார்.

மறுநாள், 1919 நவம்பர் 19. லாட்ஜின் நிபந்தனைகளோடு: ஆதரவு 39, எதிர்ப்பு 55. எதிர்த்தவர்கள் ஜனநாயகக் கட்சியினரும், சங்கமே வேண்டாம் என்றவர்களும். இரு துருவங்கள் ஒரே பக்கம். பிறகு நிபந்தனை இல்லாமல்: ஆதரவு 38, எதிர்ப்பு 53. ஏதாவது ஒரு வடிவத்தில் சங்கத்தை ஏற்கத் தயாராக இருந்தவர்கள் அந்த அவையில் சுமார் 80 பேர். இரண்டு வடிவமும் ஒரே நாளில் தோற்றன.

ஜனவரியில் இரு கட்சியினரும் சமரசம் பேசினார்கள். சங்கமே வேண்டாம் என்றவர்கள் லாட்ஜை மிரட்டியதும் அது முறிந்தது. பிரிட்டனின் சிறப்புத் தூதராக வந்து வில்சனைப் பார்க்க முடியாமலே திரும்பிய எட்வர்டு கிரே, அந்த மாத இறுதியில் லண்டன் நாளிதழுக்கு ஒரு கடிதம் எழுதினார். அமெரிக்கா வராமலே போவதைவிட நிபந்தனைகளோடு வருவது மேல் என்பது அதன் சாரம். நிபந்தனைகளை நேச நாடுகள் ஏற்காது என்ற வாதம் அதோடு வலுவிழந்தது. வில்சன் மனம் மாறவில்லை.

1920 மார்ச் 19. லாட்ஜின் நிபந்தனைகள் சிறிய மாற்றங்களோடு மறுபடி வந்தன. இம்முறை ஜனநாயகக் கட்சியினர் 21 பேர் வில்சனை மீறி ஆதரித்தார்கள். 49க்கு 35. வாக்களித்தவர்கள் 84; தேவை 56. ஏழு வாக்கு குறைந்தது. வில்சனுக்கு விசுவாசமாக எதிர்த்த 23 பேரில் ஏழு பேர் பக்கம் மாறியிருந்தால் உடன்படிக்கை செனட்டைத் தாண்டியிருக்கும்.

முதலில் கேட்ட இரண்டு கேள்விக்கும் விடை இங்கே இருக்கிறது. பெரும்பான்மை போதவில்லை, மூன்றில் இரண்டு வேண்டியிருந்தது. நிபந்தனையோடு வருகிற உடன்படிக்கை வெற்றுக் காகிதம் என்று நம்பியதால் அதைத் தோற்கடிக்கச் சொன்னார் வில்சன்.

பிறகு

1920 தேர்தலையே இதற்கான மக்கள் தீர்ப்பாக ஆக்கலாம் என்றார் வில்சன். ஒரு தேர்தலில் விலைவாசி, வேலைநிறுத்தம், போர்க்காலக் கசப்பு எல்லாம் கலந்திருக்கும். ஒரே கேள்விக்கு விடையாக அதைப் படிக்க முடியாது. குடியரசுக் கட்சியின் வாரன் ஹார்டிங் சுமார் 60 சதவீத வாக்குகளோடு வென்றார். சங்கத்தைப் பற்றி அவர் பேசியதை ஆதரவாளர்களும் எதிர்ப்பாளர்களும் தங்களுக்குச் சாதகமாகவே எடுத்துக்கொண்டார்கள். 1921 ஜூலையில் காங்கிரஸ் தீர்மானம் போட்டுப் போரை முடித்தது. ஆகஸ்டில் ஜெர்மனியோடு தனி உடன்படிக்கை செய்துகொண்டது. ஜெர்மனி மறுபடி தாக்கினால் உதவுவோம் என்று பிரான்ஸுக்கு அமெரிக்கா கொடுத்திருந்த தனி வாக்குறுதியை செனட் வாக்கெடுப்புக்கே எடுக்கவில்லை. அதோடு கட்டியிருந்த பிரிட்டனின் வாக்குறுதியும் காலாவதியானது. பிரான்ஸின் பாதுகாப்பைப் பொறுத்தவரை, அமெரிக்கா சங்கத்தில் இல்லாததைவிட இது கனமான இழப்பு என்று எனக்குத் தோன்றுகிறது. ஆனால் நம் பாடநூல்கள் இதைச் சொல்வதே இல்லை.

இரண்டாம் உலகப் போரின் முடிவில் இதே கேள்விகள் மறுபடி வந்தபோது, 1919ஐ நேரில் பார்த்தவர்கள்தான் ஆட்சியில் இருந்தார்கள். 1920 தேர்தலில் தோற்ற பக்கத்தின் துணை அதிபர் வேட்பாளர் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட், 1945இல் அதிபர். ஐ.நா. சாசனத்தை எழுதிய சான் பிரான்சிஸ்கோ மாநாட்டுக்கான குழுவில் ஜனநாயகக் கட்சியின் செனட்டர் டாம் கானலியையும், குடியரசுக் கட்சியின் செனட்டர் ஆர்தர் வாண்டன்பர்க்கையும் அவர் நியமித்தார். ஐ.நா. பாதுகாப்பு அவையில் அமெரிக்காவுக்குத் தடுப்பதிகாரமும் (வீட்டோ) இருந்தது. ரூஸ்வெல்ட் ஏப்ரலில் இறந்துவிட்டார். ஜூலை 28 அன்று ஐ.நா. சாசனம் செனட்டில் 89க்கு 2 என்று நிறைவேறியது. 1949இல் நேட்டோ உடன்படிக்கை 82க்கு 13 என்று நிறைவேறியது. ஓர் உறுப்பு நாட்டின் மீதான தாக்குதல் எல்லோர் மீதுமான தாக்குதல் என்கிறது அதன் ஐந்தாவது பிரிவு. ஆனால் தேவை என்று தான் கருதும் நடவடிக்கையை ஒவ்வொரு நாடும் எடுக்கும் என்றும் அதே பிரிவு சொல்கிறது. அதை அந்தந்த நாட்டின் அரசியலமைப்பு நடைமுறைப்படியே செய்ய வேண்டும் என்கிறது பதினொன்றாவது பிரிவு. பத்தாவது பிரிவுக்கு லாட்ஜ் எழுதிய நிபந்தனை கேட்டதும் ஏறக்குறைய இதைத்தான்.